தெக்லாவுக்கு ஒரு நாள் பாக்கி

கேப்டன் பிரகோப் ஹர்னேவிச்சைப் பற்றிப் பத்திரிகையில் ஏதாவது வந்தால் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பேன். கேட்டுவிட்டுச் சிரிப்பேன். சதுப்புக் காட்டுச் சிங்கம் என்று ஒருவன் எழுதியிருந்தான். இருநூறு குதிரை வீரர்களோடு வந்து இறங்கினார் என்று இன்னொருவன். குதிரை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதற்கும் ஒரு கண் தெரியாது. ஆளைப் பார்த்தால் நெட்டைக் காலும் நீள மூக்குமாக இருப்பார். அதனால் எங்கள் கிராபவா ஊரில் அவருக்கு நாரை என்று பெயர். யார் என்ன எழுதினால் எனக்கென்ன? அந்த ஆள் எனக்கு ஒரு நாள் வேலை பாக்கி வைத்திருந்தார். அதை நான் வாங்கிக்கொண்டால் ஊரைவிட்டுப் போய்விடுவார். வாங்காமல் இழுத்தடித்தால் செத்துப்போவார். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அவர் பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. அப்பாவிடம் ஒரு பழைய குடும்ப முத்திரையும் அதைவிடப் பழைய ஓட்டை வீடும் இருந்தன. முத்திரையைக் காட்டி மகனை ஜாரின் படைப் பள்ளியில் சேர்த்துவிட்டார். ஜெர்மன் சண்டையில் மகனுக்குச் சில பதக்கங்களும் ஒரு தோட்டாவும் கிடைத்தன. பதக்கங்களை ரொட்டிக்கு மாற்றிக்கொண்டார், தோட்டா இன்னும் இடுப்பில்தான் இருக்கிறது. ஜார் போனார், ஜெர்மன்காரன் வந்தான். அவன் போனான், போலந்துக்காரன் வந்தான். அப்புறம் சிவப்புப் படை வந்தது. வந்தவர்கள் எல்லாரும் இந்த மண் இனிமேல் எங்களுடையது என்றார்கள். இது எங்கள் மண் என்று பெலாருஸ்காரன் ஒருவன்கூடச் சொல்லக்கூடாதா என்று கேப்டனுக்குக் கோபம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதாம் வருஷம் ஸ்லுட்ஸ்க் பக்கத்து ஜனங்கள் சிவப்புப் படைமேல் துப்பாக்கியைத் தூக்கியபோது, ஒரு பட்டாளத்துக்கு அவர்தான் தலைவர். பனியில் ஒரு மாதம் தாக்குப்பிடித்தார்கள். தோட்டா தீர்ந்ததும் மோராச் ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போனார்கள். அங்கே போலந்துக்காரர்கள் துப்பாக்கிகளை வாங்கி வைத்துக்கொண்டு இவர்களை முள்வேலிக்குள் உட்கார வைத்தார்கள்.

சொன்ன இடத்தில் உட்காருகிற ஆளா அவர்? வசந்தம் வந்ததும் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் ஆற்றைத் தாண்டி வந்து, எங்கள் சதுப்புக்கு நடுவில் ஒரு மேட்டில் குடிசை போட்டுக்கொண்டார். அந்த மேட்டுக்குப் போகும் வழி எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவன் காலை வைத்தால் இடுப்பளவு உள்ளே போவான்.

அந்தக் கோடையில் சிவப்புப் படையின் தானிய வசூல்காரர்கள் வந்து, தானியத்தை ஒளித்து வைத்தார்கள் என்று நாலு பேரைப் பிடித்து, பழைய ஜமீனின் சாராய ஆலையில் அடைத்தார்கள். அதில் ஒருவன் என் தம்பி திமோக். நகரத்துக்கு வண்டியில் ஏற்றினால் யாரும் திரும்பி வருவதில்லை. என் புருஷனை ஜெர்மன் சண்டை கொண்டுபோயிற்று, தம்பியையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சதுப்புக்குள் நடந்தேன். கேப்டன் ஒரு மரத்துண்டின்மேல் உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு விஷயம் முன்னாலேயே தெரியும். பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் அனைவரும் ஆயுதங்களுடன் ஆஜராக வேண்டும் என்று உத்தரவு எழுதி ஊருக்குள் ஒட்டியிருந்தார். ஆஜரானது பக்கத்து வீட்டு நாய் மட்டும்.

"உங்க ஊர்ல ஆம்பளைங்களே இல்லையா?" என்றார்.

"இருக்காங்க. உத்தரவுன்னு சொன்னா கூரை மேல ஏறி ஒளிஞ்சுக்குவாங்க. எத்தன பேரு வந்து உத்தரவு போட்டுட்டுப் போயிட்டாங்க, உங்களது புதுசா? நீங்க ஒட்டின தாள அப்பானாஸ் மாமா கிழிச்சுப் புகையிலை சுத்திக் குடிச்சிட்டாரு. தாள் நல்லா இருக்குதாம், இன்னும் ரெண்டு ஒட்டச் சொன்னாரு."

அவருடைய ஆட்கள் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள்.

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"தலகாவுக்குக் கூப்பிடுங்க."

வீடு எரிந்துபோயிற்று, புல் அறுக்க ஆளில்லை, கிழங்கு தோண்ட வேண்டும் என்றால் எங்கள் பக்கத்தில் தலகா கூப்பிடுவோம். ஒவ்வொரு வாசலிலும் போய் நின்று, தொப்பியைக் கழற்றி, எனக்கு ஒரு நாள் வேலை இருக்கிறது, வந்து கை கொடுங்கள் என்று கேட்க வேண்டும். கூலி கிடையாது. சாயங்காலம் வயிறாரச் சாப்பாடு. கேட்டு யாரும் மாட்டேன் என்றதில்லை. கேப்டனும் சின்ன வயதில் இதையெல்லாம் பார்த்தவர்தான். சட்டையில் நட்சத்திரம் குத்தியதும் மறந்துபோயிருந்தது.

"சண்டைக்குப் போயி எப்படிம்மா தலகா கூப்பிடறது?"

"சண்டைன்னு எதுக்குச் சொல்றீங்க? நாலு பேரு உள்ள மாட்டிக்கிட்டாங்க, வெளிய எடுத்து விடணும். அது ஒரு வேல, அவ்வளவுதான்."

மறுநாள் வீடு வீடாகப் போனார். நானும் கூடவே போனேன், இல்லாவிட்டால் காரியத்தைக் கெடுத்திருப்பார். முதல் வாசலில் நின்று, "நாளை காலை அனைவரும் வரவும்!" என்று முழங்கினார். அப்பானாஸ் மாமாவின் பெண்டாட்டி, "தொப்பி தலையிலயே இருக்குதே, தச்சு வச்சிருக்கா?" என்று கேட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். இரண்டாவது வாசலில் தொப்பியைக் கழற்றினார். மூன்றாவதில் குரலும் இறங்கியது. நாலாவது வீட்டுக்காரி அவர் காதுவரை சிவந்துபோனதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு மோர் கொடுத்தாள். பிறகு அவருக்கே பழகிவிட்டது. கடைசி வீட்டில் நான் வாயைத் திறக்க வேண்டியே இருக்கவில்லை.

ஊரே வந்தது. பெண்களும் வந்தோம். நீள அரிவாள், வைக்கோல் வாரும் கவை, கோடாலி என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு, புல் அறுக்கப் போகும்போது பாடுவதைப் பாடிக்கொண்டே நடந்தோம். கேப்டன் மண்ணில் கோடு கிழித்து, நீங்கள் இந்தப் பக்கம், நீங்கள் அந்தப் பக்கம் என்று திட்டம் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. சாராய ஆலைக் காவலுக்கு இருந்தவர்கள் எங்கோ தூர தேசத்துப் பையன்கள், பசித்த முகங்கள். நாங்கள் அறுப்புக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவன் வெளியே வந்து, "அண்ணே, புல்வெளி அந்தப் பக்கம் இருக்கு" என்று வழிகூடக் காட்டினான். அவன் கையை இறக்குவதற்குள் அவனைச் சுற்றி ஊர் நின்றது. துப்பாக்கி ஒன்றுகூட வெடிக்கவில்லை. திமோக் வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன், அழுதுகொண்டே தானியத்தை ஒழுங்காக ஒளித்து வைக்கத் தெரியாதா என்று முதுகில் ஒன்று போட்டேன். காவல்காரப் பையன்களுக்குக் கருப்பு ரொட்டி கொடுத்து, அவரவர் அம்மாவிடம் போகச் சொன்னோம்.

கேப்டன் ஒரு திண்டின்மேல் ஏறி, "தாய்நாடு உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது. கலைந்து போகலாம்" என்றார். ஒருவரும் அசையவில்லை.

"ஏன் நிக்கறாங்க?" என்று என்னிடம் குனிந்து கேட்டார்.

"தாய்நாடு சாப்பாடு போடுமான்னு பாக்கறாங்க."

அவரிடம் இருந்தது அரை மூட்டை பார்லி, கொஞ்சம் உப்புப் பன்றிக்கொழுப்பு. அதை வைத்துப் பெரிய அண்டாவில் கஞ்சி காய்ச்சினேன். காளான் போட்டதில் ஏதோ தேறியது. அப்பானாஸ் மாமா மட்டும் ஆளுக்கு ஒரு கரண்டிதானா என்று கடைசிவரை முணுமுணுத்தார்.

அவர்தான் இரண்டு நாள் கழித்துச் சதுப்பு மேட்டுக்குப் போய், "நாளைக்கு எனக்குப் புல் அறுக்கணும். வந்துருங்க கேப்டன் ஐயா" என்று சொன்னவர். தலகாவில் இது இருக்கிறது. கூப்பிட்டவன் திரும்ப வர வேண்டும், வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள். கேப்டன் கூப்பிட்டதோ ஊர் முழுவதையும். அவருடைய ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சொன்ன நேரத்துக்குப் புல்வெளியில் நின்றார்.

அன்றைக்கு அவர் அறுத்த லட்சணத்தை இன்றும் ஊரில் பேசுவார்கள் என்று நினைக்கிறேன். அரிவாளை வாள் மாதிரி வீசினார். பாதிப் புல் நின்றது, பாதி மண் வந்தது. அப்பானாஸ் மாமா வரப்பில் உட்கார்ந்துகொண்டு, "இப்படித்தான் ஜெர்மன்காரனையும் வெட்டினீங்களா? அதான் அவன் அவ்வளவு தூரம் உள்ள வந்துட்டான்" என்றார். ஆனால் அறுப்புக் காலம் முடிவதற்குள் நாரை எங்களில் ஒருவனைப் போலவே அறுத்தது. கிணறு தூர்வாரினார். கூரை வேய்ந்தார். ஒரு விதவைக்கு அடுப்புக் கட்டிக் கொடுத்தார், முதலில் புகை வீட்டுக்குள் போயிற்று, பிரித்துத் திரும்பக் கட்டினார். சிப்பாய்கள் அவரைத் தேடிச் சதுப்பில் மூக்குவரை மூழ்கிக்கொண்டிருந்தபோது, அவர் ஊருக்கு நடுவில் யாருடைய கூரைமேலாவது உட்கார்ந்திருப்பார். யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் அவரால் ஆக வேண்டிய வேலை இருந்தது.

கோடை முடிகிறபோது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த அவருடைய கூட்டாளிகள், இனி இங்கே ஒன்றும் நடக்காது, திரும்பி வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆட்கள் ஆற்றைத் தாண்டிப் போனார்கள். கேப்டன் போகவில்லை.

"சண்டையில தோத்தாச்சு, அது பரவால்ல" என்றார் என்னிடம். "ஊர்ல கடன் வச்சுட்டு ஓடிட்டான்னு பேரு வாங்க முடியாது."

கிழங்கு தோண்டும் காலம் வந்தபோது எல்லா வீட்டுக் கணக்கும் தீர்ந்திருந்தது. என் வீடு மட்டும் மிச்சம்.

எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காது சிவக்க நின்றாரே, அன்றைக்கே பிடித்துப்போயிற்று. அவருக்கு எப்படியோ தெரியாது. வாரம் தவறாமல் வாசலில் வந்து நிற்பார்.

"தெக்லா, உங்க நாள் என்னைக்கு?"

"கிழங்கு தோண்டணும், ஆனா மண்ணு ஈரமா இருக்கு."

அடுத்த வாரம் வந்தால் கிழங்கை நானே தோண்டி முடித்திருப்பேன். "விறகு பிளக்கணும், கோடாலி மொண்ணையா இருக்கு." கோடாலியைத் தீட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். அது கணக்கில் சேராது, அரை நாள்கூட ஆகவில்லை என்று நான் சொல்லிவிடுவேன். உருளைக்கிழங்கு அடை சுட்டுக் கொடுத்தால் நின்றுகொண்டே சாப்பிடுவார். ஏன் உட்காரவில்லை என்று கேட்டதற்கு, உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் ஒரு வாரம் யோசித்தேன்.

ஊருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கிணற்றடியில் என்னைப் பார்த்ததும் பேச்சு நின்று சிரிப்பு வரும். ஆனால் முதல் உறைபனி விழுந்த காலையில் அப்பானாஸ் மாமா சிரிக்காமல் வந்தார். பின்னாலேயே திமோக்.

"ஏ புள்ள, சதுப்போரம் கண்ணாடி கட்டிடுச்சு, பாத்தியா?"

"பாத்தேன் மாமா."

"இன்னும் ரெண்டு குளிரு வந்தா முழுசா உறைஞ்சிடும். அப்புறம் வழி தெரியாதவன்கூட அந்த மேட்டுக்கு நடந்தே போவான். நகரத்துல சிப்பாயிங்க அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கானுங்க. நீ பாட்டுக்கு மண்ணு ஈரம், கோடாலி மொண்ணைன்னு சொல்லிக்கிட்டிரு."

"அக்கா, அவரு தானா போக மாட்டாரு" என்றான் திமோக். "நீதான் விடணும்."

அவர்கள் போனபிறகு பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினேன். முட்டைக்கோஸ் நறுக்கி உப்புப் போடும் வேலை. குளிர்காலம் முழுவதற்கும் பீப்பாயில் போட்டு வைப்போம். பெண்கள் செய்வது. வேண்டுமென்றேதான் அதைக் கேட்டேன். போகிற மனுஷன் என் வீட்டில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கட்டும் என்று நினைத்தேன்.

வந்தார். என் பழைய சமையல் முன்துணியை எடுத்து இடுப்பில் கட்டிவிட்டேன், முழங்காலுக்குக்கூட எட்டவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களும் நாலைந்து ஆண்களும் வந்திருந்தார்கள், கை கொடுக்க என்று சொன்னார்கள், வேடிக்கை பார்க்க என்று எனக்குத் தெரியும். மேசை நிறைய முட்டைக்கோஸ். பேச்சும் சிரிப்புமாக வேலை ஓடிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. தோல் கோட்டுப் போட்ட சிவப்பு அதிகாரி ஒருவனும் இரண்டு சிப்பாய்களும்.

குளிருக்கு ஒதுங்க வந்தவர்கள்தான். ஆனால் தோல் கோட்டுக்காரன் கண் நேராக நெட்டை ஆள்மேல் போயிற்று.

"யாரு இவன்?"

"என் அத்த மகன்" என்றேன். "வாய் திக்கும்." வாயைத் திறந்தால் படைப் பள்ளிப் பேச்சு வந்துவிடும் என்று எனக்குப் பயம்.

"கையக் காட்டு."

பெரிய வீட்டுப் பிள்ளைகளையும் அதிகாரிகளையும் அவர்கள் உள்ளங்கையைப் பார்த்துத்தான் பிடிப்பார்கள். கேப்டன் கையை நீட்டினார். அரிவாள் காய்ப்பு, மண்வெட்டிக் காய்ப்பு, அடுப்புச் சூடு, அதற்குமேல் உப்பு எரித்த வெடிப்பு. ஊரிலிருந்த அத்தனை வீட்டு வேலையும் அந்தக் கையில் இருந்தது. தோல் கோட்டுக்காரன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை விட்டான். கதவுவரை போனான். எனக்கு மூச்சு வந்தது. சட்டென்று திரும்பி, அடித்தொண்டையில், "அட்டென்ஷன்!" என்று கத்தினான்.

கேப்டன் விறைத்து எழுந்து நின்றார். எலும்பில் ஊறிய பழக்கத்தை என்ன செய்ய முடியும்? ஆனால் எழுந்தது அவர் மட்டும் இல்லை. அப்பானாஸ் மாமா எழுந்து, முட்டைக்கோஸைத் துப்பாக்கி மாதிரி தோளில் வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றார். திமோக் நின்றான். மூலையில் தூங்கிக்கொண்டிருந்த எங்கள் ஊர் வண்டிக்காரர் கண்ணைத் திறக்காமலே நின்றார். எங்கள் பக்கத்தில் ஜாரின் படையில் உதை வாங்காத ஆம்பளை யார் இருக்கிறான்? வாசலில் இருந்த இரண்டு சிப்பாய்களும் குதிகாலைத் தட்டி நின்றார்கள். ஏன், கத்தினவனுக்கே முதுகு நிமிர்ந்துவிட்டது. அவனும் பழைய சிப்பாய்தான்.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. வீடே சிரித்தது. தோல் கோட்டுக்காரனும் சிரித்துவிட்டு, கொடுத்த அடைகளைத் தின்றுவிட்டுக் கிளம்பினான். போகும்போது, "இன்னைக்கு ராத்திரி நல்லா உறையும். நாளைக்கு மத்தியானம் உங்க நாரைய புடிச்சிருவோம்" என்றான்.

வேலை முடிந்தது. சாப்பாடு போட வேண்டியது மட்டும் பாக்கி. கோஸும் கொழுப்பும் போட்ட குழம்புப் பானையைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே நின்றேன். சாப்பாடு போட்டால் நாள் முடிந்தது. எல்லாரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பரிமாறினேன். முதல் கரண்டி அவருக்கு.

அன்றைக்கு உட்கார்ந்து சாப்பிட்டார். தட்டைத் துடைத்துவிட்டு எழுந்தார். என் முன்துணியை அவிழ்த்து மடித்து வைத்தார். வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இவ்வளவுதானா என்று நினைத்தேன். அப்போது கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தேன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், காது இரண்டும் சிவந்து.

"அந்தப் பக்கம் ஒரு வீடு கட்டற வேல இருக்கு. ஒத்தையா முடியாது. வந்து கை கொடுங்க."

"எத்தன நாள் வேல?"

"தெரியல தெக்லா. ரொம்ப நாளாகும்."

ஊரே என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆற்றைத் தாண்டினால் திரும்பி வர முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். என் தம்பி இங்கே, என் அம்மா அப்பா புதைந்திருப்பது இங்கே. அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முதலில் வெளியே வந்தது.

"வாரம் தவறாம வாசல்ல வந்து நின்னீங்களே, அப்பல்லாம் வாயில என்ன வச்சிருந்தீங்க? விடிஞ்சா கிளம்பணும்னு இப்ப வந்து கேட்டா நான் எப்ப மூட்ட கட்டறது?"

"அப்ப வரேங்கறா" என்றார் அப்பானாஸ் மாமா, அவருக்கு விளக்கம் சொல்லுகிறவர் மாதிரி.

விடியும்போது எழுந்து பார்த்தால் வாசலில் வண்டி நின்றது. யாரும் கூப்பிடவில்லை, நானும் ஒரு வாசலில்கூடப் போய் நிற்கவில்லை. ஊரே வந்திருந்தது. ஒருவர் பீப்பாயை உருட்டினார், ஒருவர் தலையணையைக் கட்டினார், வண்டிச் சக்கரத்துக்குச் சத்தம் வராமல் இருக்கக் கந்தல் சுற்றினார்கள். திமோக் வேலையை விடாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தான். அப்பானாஸ் மாமாவின் பெண்டாட்டி எனக்கு ரொட்டி கட்டிக் கொடுத்து, நாரையின் காலுக்கு யாராவது நீளமாகக் காலுறை பின்ன வேண்டும் என்று கம்பளி நூலையும் வைத்தாள். நான் நடுவில் நின்றேன், கை கால் ஓடவில்லை.

"மாமா, இதையெல்லாம் நான் எப்படித் திருப்பிக் குடுப்பேன்?" என்றேன். "ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் ஆச்சே. அங்க போயிட்டா வர முடியாதே."

அவர் என் பசுவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"கூப்பிட்டாத்தான்டி கடன். நீ எங்களக் கூப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து முன்னால் நடந்தார்.